நோயாளியே இல்லாத மருத்துவமா? பொதுச் சுகாதாரம் பற்றி ஒரு கேள்வி

கயல்விழி:

வணக்கம். என் மகள் மருத்துவப் படிப்பை முடித்துவிட்டாள். மேற்படிப்புக்கு அறுவை சிகிச்சையோ குழந்தை மருத்துவமோ எடுப்பாள் என்று வீட்டில் எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். அவளோ பொதுச் சுகாதாரம்தான் படிப்பேன் என்று உறுதியாக நிற்கிறாள். நான் தடுக்கவில்லை, தடுக்கப் போவதும் இல்லை. ஆனால் அவள் என்ன வேலை செய்யப் போகிறாள் என்பதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை. கேட்டால், "ஒரு ஆளுக்கு இல்லம்மா, மொத்த ஊருக்கும் வைத்தியம்" என்கிறாள்.

மொத்த ஊருக்கும் எப்படி வைத்தியம் பார்ப்பது? கொசு மருந்து அடிப்பது, கை கழுவுங்கள் என்று சுவரொட்டி ஒட்டுவது, இவ்வளவுதான் இதுவரை நான் பார்த்த பொதுச் சுகாதாரம். அதற்கு மருத்துவம் படித்த ஒருத்தி எதற்கு?

இன்னொன்றும் மனதில் ஓடுகிறது. மற்ற மருத்துவர்களிடம் குணமான நோயாளி ஒருவராவது வந்து கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார். இவளுக்கு யார் வந்து சொல்வார்கள்? அம்மா என்கிற முறையில் அந்தக் கவலையும் இருக்கிறது. இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது உங்கள் அனுபவத்திலிருந்து சொன்னால் நன்றாக இருக்கும். பாடப்புத்தக விளக்கம் வேண்டாம், அதை நானே படித்துவிட்டேன்.

களப்பணி:

அம்மா, கடைசியாகக் கேட்டீர்களே, யார் வந்து நன்றி சொல்வார்கள் என்று, அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். யாரும் வரமாட்டார்கள். தனக்கு வரவிருந்த நோய் வராமல் போனது என்று யாருக்கும் தெரியாது. பணி ஓய்வு பெறும்வரை தடுப்பூசி, நோய்த் தடுப்பு வேலைகளிலேயே இருந்தவன் நான். என்னால் தட்டம்மை வராமல் தப்பித்த பிள்ளை எது என்று கேட்டால் ஒரு பெயர்கூட என்னால் சொல்ல முடியாது. ஆனால் அப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த நிச்சயம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டால் உங்கள் மகளின் படிப்பும் புரிந்துவிடும்.

வயிற்றுப்போக்கோடு ஒரே நாளில் 10 பேர் மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பணியில் இருக்கும் மருத்துவர் பத்துப் பேருக்கும் நல்லபடியாகச் சிகிச்சை கொடுத்து அனுப்புகிறார். அவர் கடமை அத்தோடு முடிந்தது. உங்கள் மகளின் வேலை அங்கேதான் தொடங்குகிறது. இந்த 10 பேர் எத்தனை பேரில் 10 பேர்? போன மாதம் இதே நாட்களில் எத்தனை பேர் வந்தார்கள்? பத்துப் பேரும் எந்தெந்தத் தெரு? எல்லோரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பவர்களா? அதே தெருவில் இருந்தும் நோய் வராதவர்கள் யார், அவர்கள் எங்கே தண்ணீர் பிடிக்கிறார்கள்? கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியம். நோய் வந்தவரைப் பார்க்க எல்லோரும் போவார்கள். வராதவர் வீட்டுக் கதவைத் தட்டி "நீங்கள் எப்படித் தப்பித்தீர்கள்?" என்று கேட்பது எங்கள் ஆட்கள்தான்.

இதற்கு மருத்துவர் எதற்கு என்று கேட்டீர்கள். 1854-இல் லண்டனில் சோஹோ என்ற பகுதியில் காலரா பரவி, சில வாரங்களில் 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கே போய் விசாரித்த ஜான் ஸ்னோ, மயக்க மருந்து கொடுப்பதில் பேர்பெற்ற மருத்துவர். அதற்கு முந்தின வருடம்தான் விக்டோரியா அரசிக்குப் பிரசவத்தின்போது குளோரோஃபார்ம் கொடுத்திருந்தார். அப்படிப்பட்டவர் வீடு வீடாகப் போய், இறந்தவர்கள் எங்கே தண்ணீர் எடுத்தார்கள் என்று கேட்டு எழுதினார். பிராட் தெருவில் இருந்த அடிபம்பைச் சுற்றித்தான் சாவுகள் குவிந்திருந்தன. ஆனால் அவருடைய சந்தேகத்தை உறுதியாக்கியவர்கள் சாகாதவர்கள். பம்புக்குப் பக்கத்திலேயே ஏழைகள் விடுதி ஒன்று, 535 பேர் இருந்தார்கள். இறந்தது 5 பேர் மட்டும். விசாரித்தால், விடுதிக்குள்ளேயே தனிக் கிணறு. அதே தெருவில் பீர் தயாரிக்கும் ஆலை ஒன்று. வேலையாட்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. அவர்கள் அந்தப் பம்புத் தண்ணீர்ப் பக்கமே போனதில்லை. ராபர்ட் கோக் காலராக் கிருமியை உலகுக்கு அடையாளம் காட்ட இன்னும் சுமார் 30 வருடம் இருந்தது. கிருமியின் பெயர்கூடத் தெரியாமல், எண்ணியும் விசாரித்தும் மட்டுமே ஒரு மனிதர் காரணத்தை நெருங்கிவிட்டார். செப்டம்பர் 8-ஆம் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள்.

எல்லோரும் கதையை இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அப்புறம் வருவதுதான். அந்தப் பகுதித் தேவாலயத்தில் ஹென்றி வைட்ஹெட் என்று ஒரு இளம் பாதிரியார். ஸ்னோ சொன்னதை அவர் நம்பவில்லை. தவறு என்று நிரூபிக்கத்தான் விசாரணையில் இறங்கினார். அந்தத் தெருக்காரர்களை அவருக்கு முகம் தெரியும், பேர் தெரியும், வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பேசும் பழக்கம் இருந்தது. ஸ்னோவிடம் சொல்லாததையெல்லாம் அவரிடம் சொன்னார்கள். கடைசியில் 40-ஆம் எண் வீட்டில் வயிற்றுப்போக்கில் இறந்த ஒரு கைக்குழந்தையைப் பற்றிய தகவல் அவர் கண்ணில் பட்டது. குழந்தையின் துணிகளை அலசிய தண்ணீரை அம்மா வீட்டுக் கழிவுக்குழியில் ஊற்றியிருக்கிறார். தோண்டிப் பார்த்தால், குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 3 அடிகூட இல்லை, கட்டுமானம் இற்றுப் போய்க் கசிந்துகொண்டிருந்தது. இன்னொன்று: கைப்பிடியைக் கழற்றிய அதே நாளில்தான் அந்தக் குழந்தையின் அப்பாவுக்குக் காலரா வந்தது. அந்த நேரத்தில் நோய் ஏற்கெனவே தணியத் தொடங்கியிருந்தது உண்மைதான். ஆனால் பம்பு ஓடிக்கொண்டே இருந்திருந்தால் கழிவு மறுபடி கிணற்றில் இறங்கி இன்னொரு சுற்று கிளம்பியிருக்கலாம்.

ஸ்னோவிடம் முறை இருந்தது, வைட்ஹெட்டிடம் பழக்கம் இருந்தது. இரண்டும் சேராமல் பொதுச் சுகாதாரம் நடக்காது. உங்கள் மகள் கல்லூரியில் முதலாவதைக் கற்றுக்கொள்வாள். இரண்டாவது, தெருவில் நடந்தால்தான் வரும்.

தடுப்பூசி விஷயத்தில் அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தட்டம்மைபோல வேகமாகப் பரவும் நோய்கள் மிகக் குறைவு. எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் மத்தியில் ஒரு பிள்ளைக்கு வந்தால் சராசரியாக 12 முதல் 18 பேருக்குத் தொற்றும். அந்தப் பிள்ளை இருமிவிட்டுப் போன அறையின் காற்றில் கிருமி 2 மணி நேரம்வரை இருக்கும். அதனால்தான் 100-க்குச் சுமார் 95 பேருக்காவது எதிர்ப்புச் சக்தி இருக்க வேண்டும் என்கிறோம். மீதி 5 பேர் யார் தெரியுமா? ஊசி போடும் வயதே ஆகாத பச்சைக் குழந்தை, ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கும் சிறுவன். அவர்களுக்கு நேரடியாக நாம் எதுவும் செய்ய முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போடும் ஊசிதான் அவர்களுக்குப் பாதுகாப்பு. "மொத்த ஊருக்கும் வைத்தியம்" என்று உங்கள் மகள் சொன்னது இதைத்தான்.

மருந்துக் குப்பியின் மேல் ஒரு சின்ன வட்டம் அச்சடித்திருப்பார்கள், அதற்குள் வெளிர்நிறச் சதுரம். வெப்பம் பட்டுக்கொண்டே இருந்தால் சதுரம் மெல்ல மெல்லக் கறுக்கும். சதுரமும் வட்டமும் ஒரே நிறமாகிவிட்டால் அந்தக் குப்பியைத் தொடக்கூடாது, தூக்கிப் போட்டுவிட வேண்டும். 1990-களின் நடுவில் போலியோ சொட்டு மருந்துக் குப்பிகளில்தான் இது முதலில் வந்தது. அதற்கு முன்னால், மின்சாரம் போய் வந்த பெட்டியில் இருந்த மருந்து இன்னும் வேலை செய்யுமா என்று குப்பியைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. வெயிலில் அலைந்து திரிந்து, மருந்துப்பெட்டியைத் திறந்து, அந்தச் சதுரம் இன்னும் வெளிர்நிறமாக இருப்பதைப் பார்க்கும்போது வரும் நிம்மதி சாதாரணமானது அல்ல. பலர் நினைப்பதற்கு மாறாக, அதிகக் குளிரும் ஆபத்துதான். சில தடுப்பூசிகள் உறைந்தால் பயனற்றுப் போகும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த பனிக்கட்டிப் பையை அப்படியே மருந்தை ஒட்டி வைத்தால் எல்லாம் வீண். 2 முதல் 8 டிகிரி, தொழிற்சாலையிலிருந்து குழந்தையின் கை வரைக்கும். இதற்காக இரவெல்லாம் கண்விழித்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

குப்பி சரியாக இருந்தால் மட்டும் போதாது. ஊசி வேண்டாம் என்று கதவைச் சாத்தும் வீடு ஒன்று எங்கும் இருக்கும். அங்கே முதல்முறை போகும்போது நான் ஊசிப் பேச்சையே எடுக்க மாட்டேன். பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். பெரும்பாலும் அதற்குப் பின்னால் ஒரு உண்மைச் சம்பவம் இருக்கும்: ஊசி போட்ட இரவு பிள்ளைக்குக் கடுமையான காய்ச்சல், என்ன செய்வது என்று கேட்க யாரும் இல்லாமல் விடியும்வரை தவித்தது. "காய்ச்சல் வந்தால் எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டு, கூப்பிட்டபோது உண்மையிலேயே போய் நின்றால், அடுத்த முறை கதவு திறக்கும். அந்த வீடு மட்டுமல்ல, அவர்களிடம் பேசும் நாலு வீடும் திறக்கும்.

தண்ணீர்ப்பக்கம்:

களப்பணி ஐயா மனிதர்கள் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நான் குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். நோயாளியையே பார்க்காமல் சுகாதார வேலை செய்யும் ஆட்கள் எங்களைப்போல நிறையப் பேர்.

குளோரின் கலந்தவுடன் வேலை முடிந்துவிட்டது என்றுதான் வெளியில் நினைக்கிறார்கள். கலந்து குறைந்தது அரை மணி நேரமாவது தண்ணீரோடு அது இருக்க வேண்டும். அப்புறம் கடைசி வீட்டுக் குழாய் வரைக்கும் கொஞ்சமாவது மிஞ்ச வேண்டும், லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குறையாமல். காலையில் குழாயைச் சிறிது நேரம் ஓடவிட்டுச் சின்னக் கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்து, சோதனை மாத்திரையைப் போட்டுக் கலக்குவோம். குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாகும். எவ்வளவு சிவப்போ அவ்வளவு குளோரின். நிறமே மாறாமல் தெளிவாக நின்றால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். பார்க்க அவ்வளவு அழகான தண்ணீராக இருக்கும், ஆனால் வழியில் ஏதோ ஒன்று குளோரினைத் தின்றிருக்கிறது.

பெரும்பாலும் குற்றவாளி, விட்டுவிட்டு வரும் தண்ணீர்தான். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை விரிசல் வழியாகத் தண்ணீர் வெளியேதான் கசியும். தண்ணீரை நிறுத்தினால் குழாய் உள்ளே இழுக்கத் தொடங்கும். பக்கத்தில் சாக்கடை ஓடினால் அதுவும் உள்ளே வரும். அடுத்த நாள் திறந்துவிட்டதும் முதலில் பிடித்தவர் வீட்டில் வயிற்றுப்போக்கு. ஒரு வால்வை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதுகூடக் குழந்தைகள் உயிர் சம்பந்தப்பட்ட முடிவு என்று அலுவலகக் கூட்டங்களில் நான் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

கயல்விழி அம்மா, உங்கள் மகளைப்போல மருத்துவம் தெரிந்த ஒருவர் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தால் எங்களுக்கு எவ்வளவு பலம் தெரியுமா? குளோரின் எவ்வளவு குறைந்தது என்ற எண்ணை நான் சொல்லலாம். அது எத்தனை குழந்தைகளைப் படுக்கையில் தள்ளும் என்று அவர் சொன்னால்தான் குழாய் மாற்றப் பணம் ஒதுக்குவார்கள்.

நேர்கோடு:

மாற்றுக் கருத்து ஒன்று. தண்ணீர், சாக்கடை, தடுப்பூசி, இதெல்லாம் சரி. ஆனால் இப்போது பொதுச் சுகாதாரம் என்ற பெயரில் உப்பைக் குறை, சிகரெட்டை விடு, ஹெல்மெட் போடு என்று ஒவ்வொருவர் வாழ்க்கையிலும் தலையிடுகிறார்கள். என் உடம்பு, என் பொறுப்பு. படித்த மனிதனுக்குத் தன் நல்லது கெட்டது தெரியாதா? அரசாங்கம் எனக்கு அம்மா அப்பாவாக இருக்க வேண்டாம் என்பது என் எண்ணம். யாரையும் புண்படுத்தச் சொல்லவில்லை.

களப்பணி:

நேர்கோடு, கேட்க வேண்டிய கேள்விதான். இந்தத் துறைக்கு அதிகாரம் கொடுக்கும்போது எல்லை எங்கே என்று கேட்க ஆள் வேண்டும். நோயைத் தடுக்கிறோம் என்று மனிதர்களை அவமானப்படுத்திய சம்பவங்கள் உலகமெங்கும் நடந்திருக்கின்றன. கட்டாயப்படுத்திப் பெற்ற சம்மதம் அடுத்த முறை எங்களுக்கே எதிராகத் திரும்பும்.

ஆனால் "என் உடம்பு, என் பொறுப்பு" என்பது எவ்வளவு தூரம் செல்லும் என்று பாருங்கள். 1920-களில் தொடங்கி உலகம் முழுக்கப் பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். வண்டிப் புகையில் ஈயம், மண்ணில் ஈயம், மண்ணில் விளையாடிய பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம். அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். எவ்வளவு படித்த அப்பாவாக இருந்தாலும் தன் பிள்ளையை மூச்சு விடாதே என்று சொல்ல முடியுமா? சட்டம் போட்டுத்தான் அதை ஒழிக்க முடிந்தது. ஒவ்வொரு நாடாக நிறுத்தி, கார்களுக்கான அந்தப் பெட்ரோல் கடைசியாக அல்ஜீரியாவில் நின்றது 2021-இல். கிட்டத்தட்ட நூறு வருடம்.

உப்பு விஷயமும் நீங்கள் நினைப்பதுபோல இல்லை. ஜெஃப்ரி ரோஸ் என்ற மருத்துவர் 1980-களில் ஒன்றை எடுத்துக் காட்டினார். மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் மிக அதிக ரத்த அழுத்தம் உள்ள சிலரிடமிருந்துதான் வருகின்றன என்று நினைக்கிறோம். உண்மையில், கொஞ்சமே கூடுதலாக இருக்கும் பெருங்கூட்டத்திலிருந்தும் ஏராளமாக வருகின்றன, அவர்கள் எண்ணிக்கை அவ்வளவு அதிகம் என்பதால். அந்தக் கூட்டத்தில் யாரையும் தனியாகக் கூப்பிட்டு நீ நோயாளி என்று சொல்ல முடியாது. ஆலையில் தயாராகும் உணவில் எல்லோருக்கும் கொஞ்சம் உப்பைக் குறைத்தால் யார் நாக்கிலும் வித்தியாசம் தெரியாது, நிறையப் பேர் பக்கவாதத்தில் விழாமல் இருப்பார்கள். இது உங்களைத் திட்டுவது அல்ல. நீங்கள் வாங்கும் பொட்டலத்தில் எவ்வளவு உப்பு என்று இப்போதும் வேறு யாரோதான் முடிவு செய்கிறார்கள்.

சட்டமே இல்லாமல் மக்களே செய்து முடித்ததும் உண்டு. கினி நரம்புச் சிலந்தி என்று ஒரு நோய், குடிதண்ணீர் வழியாக உடம்புக்குள் போய், ஒரு வருடம் கழித்துக் கால் தோலைக் கிழித்துக்கொண்டு நீளமான புழு வெளியே வரும். தடுப்பூசி கிடையாது, மருந்தும் கிடையாது. 1986-இல் வருடத்துக்குச் சுமார் 35 லட்சம் பேருக்கு வந்தது. அண்மை வருடங்களில் உலகம் முழுவதும் சேர்த்து 20 பேருக்கும் குறைவு. செய்தது என்ன? குடிதண்ணீரைத் துணியில் வடிகட்டுவது, புழு வெளிவரும் காலோடு குளத்தில் இறங்காமல் பார்த்துக்கொள்வது. முதலாவதை ஒருவர் தனியாகச் செய்யலாம். இரண்டாவது, அடுத்தவருக்காகச் செய்வது. வலியோடு இருப்பவர், கால் எரியும்போது தண்ணீரில் வைத்தால் சுகமாக இருக்கும் என்று தெரிந்தும், வேண்டாம் என்று கரையிலேயே நிற்க வேண்டும். அவருக்கு அதனால் எந்த லாபமும் இல்லை. ஆயிரக்கணக்கான கிராமங்களில் அப்படி நின்றார்கள். என் மனதை இவ்வளவு தொட்ட விஷயம் இந்தத் துறையில் வேறு இல்லை.

நேர்கோடு:

ஈயம் பற்றிச் சொன்னது நியாயம். ஹெல்மெட் விஷயத்தில் இன்னும் நான் என் கருத்திலேயே இருக்கிறேன், ஆனால் யோசிக்கிறேன்.

கயல்விழி:

எல்லோருக்கும் நன்றி. களப்பணி ஐயா எழுதியதை மகளுக்கும் படித்துக் காட்டினேன். அந்தப் பாதிரியார் கதை அவளுக்கே புதிது. ஒரே ஒரு கேள்வி இன்னும் இருக்கிறது: அன்றாடம் அவள் என்னதான் செய்வாள்? காலையில் எழுந்து எங்கே போவாள்?

வரிசைப்பட்டியல்:

நான் உங்கள் மகள் எடுக்கப் போகும் படிப்பைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன், இப்போது களப்பயிற்சியில். அதனால் நான் பதில் சொல்கிறேன், அக்கா.

பாதி நாள் தாள் வேலைதான். ஒரு இடத்தில் காய்ச்சல் கூடியிருக்கிறது என்று தகவல் வந்தால் முதல் வேலை பட்டியல் போடுவது. ஒரு ஆளுக்கு ஒரு வரி: வயது, ஆணா பெண்ணா, வீடு, அறிகுறி தொடங்கிய நாள், அதற்கு முந்தைய நாட்களில் எங்கே போனார், என்ன சாப்பிட்டார், என்ன குடித்தார். தொடங்கிய நாள்தான் உயிர்நாடி. மருத்துவமனைக்கு வந்த நாளை எழுதிவிட்டால் எல்லாம் குழம்பிவிடும், சிலர் முதல் நாளே வருவார்கள், சிலர் ஒரு வாரம் தாங்கிவிட்டு வருவார்கள். நினைவில்லை என்பவரிடம் "அன்றைக்கு வேலைக்குப் போனீர்களா? பிள்ளைக்குப் பள்ளி இருந்ததா?" என்று கேட்டுக் கேட்டு நாளைப் பிடிக்க வேண்டும்.

பிறகு நாள்வாரியாகக் கட்டம் கட்டமாக அடுக்குவோம். ஒரே நாளில் குத்துச்சுவர்போல உயர்ந்து அப்படியே இறங்கினால் எல்லோரும் ஒரே இடத்தில் எதையோ சாப்பிட்டிருக்கிறார்கள் அல்லது குடித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். கொஞ்சம் ஏறி, இறங்கி, மறுபடி அதைவிடப் பெரிதாக ஏறினால் ஆளிலிருந்து ஆளுக்குப் பரவுகிறது. முதல் தடவை என் கையால் அடுக்கிய கட்டங்களில் அந்த உருவம் எழுந்து வந்ததைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

மதியத்துக்கு மேல் வீடுகளுக்குப் போவோம். வெயில் இருக்கும், நாய் துரத்தும், சிலர் பேச மாட்டார்கள், சிலர் விடவே மாட்டார்கள். மகளுக்கு நல்ல செருப்பு வாங்கிக் கொடுங்கள். பிறப்பு இறப்புப் பதிவேட்டைப் படிக்க இப்போதே பழகச் சொல்லுங்கள், கல்லூரியில் அதற்குக் கொடுக்கும் நேரம் போதவே போதாது. அவளுக்கு ஏதாவது கேட்க வேண்டும் என்றால் இங்கேயே எழுதச் சொல்லுங்கள், அக்கா. இரவு 9 மணிக்கு மேல் நான் இருப்பேன்.